அயோர்ட்டிக் வால்வு சுருக்கத்தோடு இதய அமிலாய்டும் இருக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்பதைத் தாண்டிய ஒருவருக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எக்கோவில் அயோர்ட்டிக் வால்வு சுருங்கி, சுண்ணாம்பு படிந்து தெரிகிறது. இடது கீழறைச் சுவர் 16 மி.மீ. தடித்திருக்கிறது. 'வால்வு அடைத்திருக்கிறது, அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளிச் சுவர் தடித்துவிட்டது' என்று எழுதிவிடுகிறோம். பெரும்பாலானோருக்கு அது சரியான பதில்தான். சிலருக்கு மட்டும் அந்தத் தடிப்பில் ஒரு பகுதி தசையே அல்ல. அமிலாய்டு என்னும் புரதப் படிவு. வால்வை மாற்றினாலும் அந்தப் படிவு அங்கேயே இருக்கும். அவர்களை வால்வு சிகிச்சைக்கு முன்பே கண்டுபிடிப்பது எப்படி என்பதைப் பற்றிய கேள்விகளும் பதில்களும் இவை. பொது மருத்துவர்கள், எக்கோ எடுப்பவர்கள், டாவி சிகிச்சைக்குக் காத்திருக்கும் முதியவர்களின் வீட்டார் ஆகியோரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. டாவி என்பது நெஞ்சைத் திறக்காமல், பெரும்பாலும் தொடை ரத்தக் குழாய் வழியாக, புது வால்வைக் கொண்டுபோய்ப் பொருத்துவது.

இரண்டும் ஒன்றாக வருவது அவ்வளவு சகஜமா?

முதியவர்களிடம் சகஜம்தான். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு, டாவி செய்துகொண்ட 151 பேரை ஐசோடோப் ஸ்கேன் (கதிரியக்க மருந்தை ஊசி போட்டு எடுக்கும் படம்) செய்து பார்த்து 2017-இல் முடிவை வெளியிட்டது. அவர்களின் சராசரி வயது 84. 16 சதவீதம் பேருக்கு இதயத்தில் அமிலாய்டு இருந்தது. ஆண்களை மட்டும் எடுத்தால் 22 சதவீதம். மூன்று மையங்களில் டாவிக்கு அனுப்பப்பட்ட 407 பேரை ஆராய்ந்து 2021-இல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ 12 சதவீதம். அதாவது எட்டுப் பேரில் ஒருவர்.

வயது குறைந்தால் இந்த எண்ணும் குறைகிறது. திறந்த அறுவை சிகிச்சையின்போதே இதயத் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்த 2016-ஆம் ஆண்டு பிரிட்டன் ஆய்வில் 146 பேரில் 6 பேருக்கே அமிலாய்டு இருந்தது. அவர்கள் டாவி நோயாளிகளைவிட இளையவர்கள். நம் ஊரில் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டு நாற்பது வயதில் வருபவருக்கோ, பிறவியிலேயே இரண்டு இதழ் வால்வோடு ஐம்பதில் வருபவருக்கோ இந்தத் தேடல் அநேகமாகத் தேவைப்படாது. எழுபதைத் தாண்டி, சுண்ணாம்பு படிந்து சுருங்கிய வால்வோடு வருபவருக்குத்தான் இது முக்கியம்.

அமிலாய்டு என்றால் என்ன? எல்லாம் ஒரே நோய்தானா?

ஒரே நோய் அல்ல. இந்த வேறுபாட்டை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கீழே சொல்லும் சோதனை வரிசை முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

கல்லீரல் டிரான்ஸ்தைரெட்டின் என்றொரு புரதத்தைச் செய்கிறது. தைராய்டு ஹார்மோனையும் வைட்டமின் ஏ-வையும் சுமந்து செல்வது அதன் வேலை. நான்கு துண்டுகள் சேர்ந்த கட்டு அது. முதுமையில் சிலருக்குக் கட்டு அவிழ்ந்து, துண்டுகள் மடிப்புக் குலைந்து, நார் நாராகத் திசுக்களில் படிகின்றன. இதை ஏடிடிஆர் அமிலாய்டு என்பார்கள். மரபணு சரியாக இருந்தும் வயதால் மட்டும் வருவது வைல்ட் டைப். மரபணுப் பிழையால் வருவது பரம்பரை வகை. வால்வு சுருக்கத்தோடு சேர்ந்து வருவதில் மிகப் பெரும்பான்மை வைல்ட் டைப்.

ஏஎல் அமிலாய்டு வேறு. எலும்பு மஜ்ஜையில் உள்ள பிளாஸ்மா செல்களில் ஒரு கூட்டம் கட்டுப்பாடின்றிப் பெருகி, லைட் செயின் என்ற புரதத்தைக் கொட்டுகிறது. அது இதயத்தில் மட்டுமன்றி கிட்னி, நரம்பு, நாக்கு, குடல் என்று பல இடங்களில் படியும். இதயம் செயலிழக்கத் தொடங்கிய பின் சிகிச்சை இல்லாமல் விட்டால் பாதிப் பேர் ஆறு மாதத்தைத் தாண்டுவதில்லை. ஏடிடிஆரில் நமக்கு மாதக்கணக்கில் அவகாசம் உண்டு. ஏஎல்லில் கிடையாது, சந்தேகம் வந்த வாரமே ரத்தவியல் மருத்துவரிடம் போக வேண்டும்.

யாரைச் சோதிக்க வேண்டும்?

ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் பணிக்குழு 2021-இல் தந்த வழி எளிமையானது. சுவர் 12 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்திருந்து, கூடவே ஓர் எச்சரிக்கைக் குறி இருந்தால் தேடு. அந்தக் குறிகளின் பட்டியலில் 65 வயதைத் தாண்டியவரின் அயோர்ட்டிக் வால்வு சுருக்கமும் உண்டு. இதை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் டாவிக்கு வரும் முக்கால்வாசிப் பேரை ஸ்கேனுக்கு அனுப்ப நேரும். எல்லா ஊரிலும் அது முடியாது. அதனால் சலித்தெடுக்க ஒரு புள்ளி முறை உதவுகிறது. மேலே சொன்ன 407 பேர் ஆய்விலிருந்து வந்த அதன் பெயர் ரெய்ஸ்.

கார்பல் டன்னல் பாதிப்பு (மணிக்கட்டில் நரம்பு நெருங்குவது) இருந்தால் 3 புள்ளி. ஈசிஜியில் வலது கிளை அடைப்போ (இதய மின்பாதையின் வலது கிளை தடைபடுவது) குறைந்த வோல்டேஜோ இருந்தால் 2. வயது 85 அல்லது அதற்கு மேல் என்றால் 1. இதயத் தசைக் காயத்தைக் காட்டும் ரத்த அளவான ஹை சென்சிட்டிவ் டிரோபோனின்-டி லிட்டருக்கு 20 நானோகிராமைத் தாண்டினால் 1. கீழறைகளுக்கு இடையிலான சுவர் 18 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் 1. எக்கோவில் இ/ஏ விகிதம் (கீழறை நிரம்பும்போது தெரியும் இரண்டு அலைகளின் விகிதம்) 1.4-ஐத் தாண்டினால் 1. மொத்தம் 9.

இரண்டு புள்ளிகளை எல்லையாக வைத்தால் அமிலாய்டு உள்ளவர்களில் 94 சதவீதம் பேர் வலையில் விழுகிறார்கள்; ஆனால் இல்லாதவர்களில் பாதிப் பேரும் விழுகிறார்கள். மூன்றை எல்லையாக வைத்தால் வீண் ஸ்கேன் குறையும், நோயாளிகளில் நான்கில் ஒருவருக்கு மேல் தவறிப்போவார். ஐசோடோப் ஸ்கேன் ஊரிலேயே கிடைக்குமானால் இரண்டை எல்லையாக வைப்பதே எங்கள் பரிந்துரை. தவறவிட்ட நோயை விட வீணான ஒரு ஸ்கேன் மேல்.

ஒரு கணக்கு: வயது 86, கார்பல் டன்னலுக்கு இரண்டு கையிலும் அறுவை, ஈசிஜியில் வலது கிளை அடைப்பு. 1, 3, 2; ஆக 6. இவரை ஸ்கேன் செய்யாமல் டாவி மேசைக்கு அனுப்பக் கூடாது.

இதய நோயாளியிடம் கையைப் பற்றி ஏன் கேட்க வேண்டும்?

ஏடிடிஆர் அமிலாய்டு தசைநார்களிலும் மூட்டுச் சவ்வுகளிலும் முதலில் படியும். இதயத்தில் தெரிவதற்கு ஐந்து, பத்து ஆண்டுகளுக்கு முன்பே மணிக்கட்டில் தெரிந்துவிடும். செலவில்லாமல் கிடைக்கும் துப்பு இதைவிடப் பெரியது எதுவும் இல்லை. ஆனால் நோயாளி தானாகச் சொல்லமாட்டார். மூச்சு வாங்குகிறது என்று வந்தவருக்குப் பத்து வருடத்துக்கு முந்தைய கை ஆபரேஷன் ஏன் நினைவுக்கு வரப்போகிறது?

'கார்பல் டன்னல் இருந்ததா' என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். 'ராத்திரி கை மரத்துப்போய் எழுந்து உதறியது உண்டா? காபி டம்ளர் கையிலிருந்து நழுவியிருக்கிறதா? ஜாக்கெட் கொக்கி போட, சட்டை பட்டன் போட சிரமப்பட்டீர்களா?' என்று கேளுங்கள். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். உள்ளங்கை தொடங்கும் இடத்தில் நெடுக்காக ஒரு மெல்லிய வெள்ளைத் தழும்பு இருந்தால் அது பழைய அறுவையின் சாட்சி. கட்டைவிரலின் கீழே உள்ள சதைமேடு வற்றித் தட்டையாகியிருந்தால் அறுவை செய்யாமலே விட்ட நரம்பு நெருக்கம். சர்க்கரை நோயும் தைராய்டு குறைவும் நம்மிடம் அதிகம், அவற்றாலும் கார்பல் டன்னல் வரும். ஆகவே ஒரு கையில் மட்டும் இருப்பதைவிட இரு கையிலும் இருப்பது, அதுவும் வயதான ஆணிடம் இருப்பது, கூடுதல் எடை பெறும்.

அடுத்து முழங்கையை மடக்கச் சொல்லிப் புஜத்தைப் பாருங்கள். கனமான எதையும் தூக்காமலே பைசெப்ஸ் தசைநார் அறுந்திருந்தால், தசை உருண்டு முழங்கைப் பக்கம் இறங்கி நிற்கும். மடக்கிய விரல் 'டக்' என்று சிக்கி நிமிர்வது, முதுகுத்தண்டுக் குழாய் சுருக்கத்துக்கு அறுவை செய்தது ஆகியவற்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மருந்துச் சீட்டும் ஒரு துப்பு. இருபது வருடம் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டவருக்கு இப்போது அழுத்தம் 104/66, ஒவ்வொரு மாத்திரையாக நிறுத்தியாகிவிட்டது, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. 'பிரஷர் குணமாகிவிட்டது' என்று வீட்டார் மகிழ்கிறார்கள். அது குணமல்ல. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் ரத்தம் குறைந்ததாலோ, தன்னியக்க நரம்புகள் பாதிக்கப்பட்டதாலோ அழுத்தம் விழுந்திருக்கலாம்.

நாக்கு பெருத்துப் பல் தடம் பதிந்திருந்தாலோ, இமையைச் சுற்றி அடிபடாமலே கறுஞ்சிவப்புத் திட்டுகள் இருந்தாலோ ஏஎல்லை நினைத்து அன்றே ரத்தம் எடுங்கள்.

ஈசிஜி இயல்பாக இருந்தால் அமிலாய்டு இல்லை என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. கை, கால் லீடுகள் எல்லாவற்றிலும் கியூஆர்எஸ் (கீழறைகள் சுருங்கும்போது வரும் அலை) உயரம் 5 மி.மீ.க்குக் குறைவாக இருப்பதைக் குறைந்த வோல்டேஜ் என்கிறோம். ஏடிடிஆர் நோயாளிகளில் சிறுபான்மையினரிடமே அது தெரியும். வால்வு சுருக்கமும் சேர்ந்திருந்தால், தடித்த தசை வோல்டேஜை மேலே இழுக்கும். அமிலாய்டு கீழே இழுக்கும். முடிவில் ஈசிஜி 'நார்மல்' என்று வரும். எக்கோவையும் ஈசிஜியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுவர் 17 மி.மீ. இருக்கும்போது ஈசிஜியில் வளர்ந்த இதயத்துக்கான உயரமே இல்லையென்றால் அந்தப் பொருத்தமின்மைதான் செய்தி. மாரடைப்பு வராதவருக்கு மாரடைப்பு வந்ததுபோன்ற கியூ அலைகள், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு, நீண்ட பிஆர் இடைவெளி, வலது கிளை அடைப்பு ஆகியவையும் சந்தேகத்தைக் கூட்டும்.

எக்கோவில் எங்கே கவனிக்க வேண்டும்?

இஎஃப் (ஒரு துடிப்பில் கீழறை வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 60 சதவீதம் என்ற எண்ணைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. அமிலாய்டு இதயம் நீளவாக்கில் சுருங்கும் திறனை முதலில் இழக்கிறது. குறுக்குவாக்கில் சுருங்குவதால் இஎஃப் நன்றாகவே தெரியும். மைட்ரல் வளையத்தின் இரு பக்கமும் டிஷ்யூ டாப்ளர் வைத்து எஸ் அலையை (சுருங்கும்போது தசை நகரும் வேகத்தை) அளந்து சராசரி எடுங்கள். நொடிக்கு 6 செ.மீ. அல்லது அதற்குக் கீழே இருந்தால் சந்தேகியுங்கள். கொலம்பியா ஆய்வில் அமிலாய்டு இருந்தவர்களை இந்த அளவு எவரையும் விடாமல் பிடித்தது. இல்லாத பலரையும் சேர்த்துப் பிடித்தது என்பது அதன் குறை. எந்த எக்கோ இயந்திரத்திலும் இரண்டு நிமிடத்தில் எடுக்கக்கூடிய அளவு இது.

தசை எவ்வளவு சுருங்குகிறது என்று அளக்கும் ஸ்ட்ரெயின் வசதி இருந்தால் வட்டப் படத்தில் நடுப்பகுதி, அதாவது இதய நுனி, அடர்சிவப்பாகவும் விளிம்பு வெளிறியும் தெரியும். நுனியின் சராசரியை, அடிப்பகுதி, நடுப்பகுதி சராசரிகளின் கூட்டுத்தொகையால் வகுத்து 1-ஐத் தாண்டினால் அமிலாய்டு சாயல். ஆனால் வால்வு சுருக்கம் மட்டுமே உள்ளவருக்கும் அடிப்பகுதி பலவீனமாகவே இருக்கும். எனவே இந்தப் படம் தெரிந்தால் சந்தேகத்தைக் கூட்டலாம்; தெரியாததால் சந்தேகத்தைக் கைவிடக் கூடாது.

வலது கீழறைச் சுவரும் தடித்திருக்கிறதா, மேலறைகளின் இடைச்சுவர் தடித்திருக்கிறதா, இரண்டு மேலறைகளும் பெருத்திருக்கின்றனவா, இதயத்தைச் சுற்றிக் கொஞ்சம் நீர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அயோர்ட்டிக் வால்வின் அடைப்பு வலது கீழறையைத் தடிக்க வைக்காது. அங்கே தடிப்பு இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

வால்வின் பரப்பு 0.8 சதுர செ.மீ., ஆனால் அழுத்த வேறுபாடு 26 மி.மீ. பாதரசம்தான். வால்வு உண்மையிலேயே தீவிரமாகச் சுருங்கியிருக்கிறதா?

அமிலாய்டு சேர்ந்தவர்களிடம் அடிக்கடி வரும் சிக்கல் இதுதான். பரப்பு 1 சதுர செ.மீ.க்குக் கீழே இருந்தும், சராசரி அழுத்த வேறுபாடு 40-ஐத் தொடவில்லை, வேகம் நொடிக்கு 4 மீட்டரை எட்டவில்லை. அறை சிறுத்து, விறைத்து, போதுமான ரத்தத்தை நிரப்பிக்கொள்ள முடியாததால் வால்வு வழியே போகும் ரத்தமே குறைவு. ஒரு துடிப்புக்கு உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 35 மி.லி.க்குக் குறைந்தால் குறை ஓட்டம் என்கிறோம்.

முதலில் அளவைச் சரிபாருங்கள். வெளியேறும் பாதையின் விட்டம் 20 மி.மீ. என்றால் பரப்பு 3.14 சதுர செ.மீ.; 19 என்று அளந்துவிட்டால் 2.84. ஒரு மில்லிமீட்டர் பிழையில் பத்து சதவீதம் போய்விடுகிறது, 'தீவிரம்' என்ற முடிவே மாறலாம். சரிபார்த்த பின்னும் குழப்பம் நீடித்தால் டோபுட்டமின் சோதனை (இதயத் துடிப்பை வலுவாக்கும் மருந்து கொடுத்து எக்கோ எடுப்பது) இத்தகைய சிறிய, விறைத்த அறையில் பெரிதாக உதவாது. கான்ட்ராஸ்ட் இல்லாத சிடியில் வால்வின் கால்சியம் அளவை எடுங்கள். ஆணுக்கு 2000, பெண்ணுக்கு 1200 அலகுகளுக்கு மேல் இருந்தால் தீவிரச் சுருக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆணுக்கு 1600, பெண்ணுக்கு 800-க்குக் கீழே இருந்தால் வாய்ப்பு குறைவு. மைட்ரல் வளையத்திலும் கரோனரி குழாயிலும் உள்ள சுண்ணாம்பை இந்தக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

ஸ்கேனுக்கு முன் ரத்தம், சிறுநீர் எதற்கு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஐசோடோப் ஸ்கேன் ஏடிடிஆரைக் காட்டுவதற்கானது. ஆனால் ஏஎல் நோயாளிகளிலும் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஸ்கேன் ஏதோ ஓர் அளவில் ஒளிரும். 'ஸ்கேன் பாசிட்டிவ், ஏடிடிஆர் அமிலாய்டு' என்று எழுதிவிட்டு ரத்தச் சோதனையை மறந்தால், சில வாரங்களில் கீமோ தொடங்கியிருக்க வேண்டிய நோயாளி தவறான மருந்தோடு மாதங்களை இழப்பார். இந்தத் துறையில் நடக்கும் பிழைகளிலேயே உயிரைக் குடிக்கும் பிழை இதுதான்.

தேவையானவை மூன்று: ரத்தத்தில் ஃப்ரீ லைட் செயின் கப்பா, லாம்டா அளவுகளும் அவற்றின் விகிதமும், ரத்த இம்யூனோஃபிக்சேஷன், சிறுநீர் இம்யூனோஃபிக்சேஷன் (கெட்ட செல்கள் செய்யும் புரதத்தைத் தேடும் சோதனை). ஆய்வகச் சீட்டில் 'எலெக்ட்ரோஃபோரெசிஸ்' (புரதங்களைப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் சோதனை) என்று மட்டும் எழுதினால் போதாது. ஏஎல்லில் கெட்ட செல்களின் கூட்டம் சிறியது; அது செய்யும் புரதம் எலெக்ட்ரோஃபோரெசிஸில் பட்டையாகத் தெரியாமலே போகலாம். 'எம் பேண்ட் இல்லை', அதாவது அந்தப் பட்டை தெரியவில்லை, என்ற ஒற்றை வரி அறிக்கையோடு நிம்மதி அடைந்துவிடுகிறார்கள்.

கப்பா-லாம்டா விகிதம் வழக்கமாக 0.26 முதல் 1.65 வரை. கிட்னி வடிகட்டும் திறன் குறைந்தவர்களுக்கு விகிதம் இயல்பாகவே மேலே போகும், 3.1 வரை ஏற்கலாம். டாவிக்கு வரும் முதியவர்களில் பலருக்குக் கிட்னி குறைபாடு இருக்கும் என்பதால் 1.9, 2.2 என்று வரும் அறிக்கையைக் கண்டு பதறத் தேவையில்லை. விகிதம் 0.26-க்குக் கீழே போனால் மட்டும் அந்தச் சமாதானம் செல்லாது. கிட்னி குறைபாடு விகிதத்தைக் கீழே தள்ளாது. அது லாம்டா பெருகுவதன் அடையாளம்.

மூன்றும் இயல்பு, ஸ்கேனில் கிரேடு 2 அல்லது 3: பயாப்ஸி இல்லாமலே ஏடிடிஆர் என்று உறுதி செய்யலாம். 1,217 நோயாளிகளை ஆராய்ந்து 2016-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு இந்த விதியை நிலைநிறுத்தியது.

ஐசோடோப் ஸ்கேன் எப்படி எடுக்கிறார்கள்?

எலும்பைத் தேடிப் போகும் மருந்தில் டெக்னீசியம்-99எம் சேர்த்து நரம்பில் ஊசி போடுகிறார்கள். அமெரிக்காவில் பிஒய்பி, ஐரோப்பாவில் டிபிடி, எச்எம்டிபி. பிஒய்பி என்றால் 10 முதல் 20 மில்லிகியூரி. வெறும் வயிறு தேவையில்லை, தண்ணீர் குடிக்கலாம். மூன்று மணி நேரம் கழித்து மார்பின் முன்புறப் படம், அதே சமயத்தில் ஸ்பெக்ட் என்ற முப்பரிமாணப் படம். இதய ரத்த ஓட்டத்துக்கான ஸ்கேனும் பெரும்பாலும் டெக்னீசியத்தில்தான் எடுக்கப்படுகிறது. இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் ஒன்று மற்றொன்றைக் கெடுத்துவிடும்.

இதயத்தை விலா எலும்போடு ஒப்பிடுவார்கள். இதயத்தில் ஒளியே இல்லை என்றால் கிரேடு 0. விலாவைவிட மங்கல் என்றால் 1. விலாவுக்குச் சமம் என்றால் 2. இதயம் பிரகாசித்து விலா மங்கினால் 3.

தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. ஊசி போட்டு ஒரு மணி நேரத்திலேயே படம் எடுத்தால் மருந்து இன்னும் ரத்தத்தில் மிதந்துகொண்டிருக்கும். அறைக்குள் இருக்கும் அந்த ரத்தமே ஒளிர்ந்து, தட்டைப் படத்தில் 'இதயம் பாசிட்டிவ்' என்று ஏமாற்றும். மருந்து அறைக்குள்ளா, சுவருக்குள்ளா என்பதை ஸ்பெக்ட் மட்டுமே பிரித்துக் காட்டும். வால்வு நோயாளிக்கு இது இன்னும் முக்கியம். மைட்ரல் வளையத்தில் படிந்த சுண்ணாம்போ பழைய விலா எலும்பு முறிவோகூடத் தட்டைப் படத்தில் இதயத்தின் மேல் விழுந்து குழப்பும். சமீபத்திய மாரடைப்பும் ஓரிடத்தில் ஒளிரும். அறிக்கையில் 'ஸ்பெக்ட்டில் மருந்து இதயத் தசையில் உறுதி செய்யப்பட்டது' என்ற வாக்கியம் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

புற்றுநோய்க்கு எடுக்கும் சாதாரண எலும்பு ஸ்கேன் போதாதா?

போதாது. அதற்குப் பெரும்பாலும் எம்டிபி என்ற மருந்தைப் பயன்படுத்துகிறார்கள். எம்டிபி அமிலாய்டைத் தவறவிடும். அணு மருத்துவத் துறைக்குச் சீட்டு எழுதும்போது 'எலும்பு ஸ்கேன்' என்று எழுதினால் கையில் இருக்கும் எம்டிபியைப் போட்டு 'நெகட்டிவ்' என்று அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. 'இதய அமிலாய்டுக்கு பிஒய்பி, 3 மணி நேரம், ஸ்பெக்ட் உடன்' என்று முழுதாக எழுதுங்கள். முதல் நாளே தொலைபேசியில் சொல்லி வைப்பது இன்னும் நல்லது. வேறு காரணத்துக்காக எடுத்த பழைய எம்டிபி படத்தில் இதயம் ஒளிர்ந்திருந்தால் மட்டும் அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

கிரேடு 1 என்று வந்தால்?

நோய் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. தொடக்க நிலை ஏடிடிஆர், ஏஎல், ரத்த ஒளி ஆகிய மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். ஸ்பெக்ட்டை மீண்டும் பாருங்கள், ரத்தச் சோதனைகளைச் சரிபாருங்கள், எம்ஆர்ஐ எடுங்கள். அதன் பிறகும் தெளிவில்லை, சந்தேகமோ வலுவானது என்றால் பயாப்ஸி.

எம்ஆர்ஐ, சிடி எந்த அளவுக்கு உதவும்?

எம்ஆர்ஐ அமிலாய்டு இருப்பதைச் சொல்லும், வகையைச் சொல்லாது. கான்ட்ராஸ்டுக்குப் பிறகு உள்சுவர் முழுக்கவோ சுவரின் முழு கனத்திலுமோ வெளுப்பது, செல்களுக்கு வெளியே உள்ள இடத்தின் அளவான இசிவி 40 சதவீதத்தைத் தாண்டுவது ஆகியவை வலுவான அடையாளங்கள். மூச்சை அடக்கிப் படுக்க முடியாத, கிட்னி குறைந்த எண்பது வயதுக்காரருக்கு எம்ஆர்ஐ எளிதல்ல.

டாவிக்கு எப்படியும் சிடி எடுத்தே ஆக வேண்டும். அதோடு கான்ட்ராஸ்டுக்கு முன் ஒரு படமும், போட்டு 3 அல்லது 5 நிமிடம் கழித்து ஒரு படமும் சேர்த்தால் இசிவியைக் கணக்கிடலாம். உதாரணம்: ரத்தத்தின் அடர்த்தி 90 அலகு கூடியது, தசையின் அடர்த்தி 60 கூடியது, 60-ஐ 90-ஆல் வகுத்தால் 0.667. ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 37 சதவீதம் என்றால் 1-இலிருந்து 0.37 போக 0.63. இரண்டையும் பெருக்கினால் 0.42, அதாவது 42 சதவீதம். வழக்கமான அளவு 25 முதல் 30 வரை. இவரை ஐசோடோப் ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். ஹீமட்டோக்ரிட் அன்றே எடுத்ததாக இருக்கட்டும். மூன்று மாதப் பழைய அறிக்கையைப் போட்டால் விடை தவறிப்போகும்.

பயாப்ஸி எப்போது தேவை?

ரத்தத்திலோ சிறுநீரிலோ மோனோக்ளோனல் புரதம் (ஒரே செல் கூட்டம் செய்யும் புரதம்) இருந்தால் ஸ்கேன் என்ன சொன்னாலும் திசு வேண்டும். முதியவர்களிடம் தீங்கில்லாத மோனோக்ளோனல் புரதமும் சகஜம். ஏடிடிஆர் நோயாளிக்கு அது தற்செயலாகவும் இருக்கலாம். படிவு எந்தப் புரதத்தால் ஆனது என்பதை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி சொல்லும். காங்கோ ரெட் சாயமேற்றி, துருவ ஒளியில் பச்சையாக மின்னுவதைப் பார்ப்பது அமிலாய்டு உண்டு என்பதற்கு மட்டுமே ஆதாரம். வயிற்றுக் கொழுப்பு பயாப்ஸி ஏஎல்லில் நன்றாக உதவும். வைல்ட் டைப் ஏடிடிஆரில் பெரும்பாலும் வெறுமையாகவே வரும். அந்த நெகட்டிவை நம்ப வேண்டாம்.

மரபணுச் சோதனை எண்பது வயதில் எதற்கு?

பிள்ளைகளுக்காக. வயதை மட்டும் பார்த்து வைல்ட் டைப் என்று முடிவு கட்டக் கூடாது. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் காணப்படும் வி122ஐ போன்ற மாற்றங்கள் முதுமையில்தான் இதயத்தைத் தாக்குகின்றன. ஏடிடிஆர் உறுதியான எல்லோருக்கும் டிடிஆர் மரபணுவை ஒருமுறை படித்துவிடுவது முறை.

அமிலாய்டு இருப்பது தெரிந்தால் வால்வை மாற்றமாட்டார்களா?

வீட்டார் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். மாற்றலாம், மாற்ற வேண்டும். 407 பேர் ஆய்வில் அமிலாய்டு இருந்தவர்களிலும் டாவி செய்துகொண்டவர்கள், மருந்தோடு விடப்பட்டவர்களைவிட நீண்ட நாள் வாழ்ந்தார்கள். அமிலாய்டு என்ற பெயரைச் சொல்லி வால்வு சிகிச்சையை மறுப்பது தவறு. திறந்த அறுவையைவிட டாவி இவர்களுக்கு ஏற்றது. ஆனால் வலது கிளை அடைப்பு ஏற்கெனவே இருந்தால் டாவிக்குப் பின் பேஸ்மேக்கர் தேவைப்படும் வாய்ப்பு அதிகம். அதை முன்கூட்டியே வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். வால்வு மாறியும் மூச்சு வாங்குவது முழுதாகத் தீராமல் போகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எந்த மாத்திரைகளில் எச்சரிக்கை வேண்டும்?

ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தம் குறைவு என்பதால் இந்த இதயம் துடிப்பின் வேகத்தை நம்பி ஓடுகிறது. பீட்டா பிளாக்கர் கொடுத்து வேகத்தை 55-க்கு இறக்கினால் சோர்வும் மயக்கமும் வரும். வெரபமில், டில்டியசெம் தவிர்க்க வேண்டியவை. டிகாக்சினைக் குறைந்த அளவில், கிட்னியைக் கவனித்துக்கொண்டுதான் தர வேண்டும். நீர் மாத்திரை தேவை, ஆனால் அளவு மீறினால் அழுத்தம் விழும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால், அபாயப் புள்ளி எவ்வளவு என்று கணக்குப் பார்க்காமல் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து தர வேண்டும். ஷாக் கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும் முன் உணவுக்குழாய் எக்கோ எடுங்கள். உறைகட்டி இவர்களிடம் அதிகம்.

அமிலாய்டுக்கென்று மருந்து உண்டா?

உண்டு. டஃபாமிடிஸ், டிரான்ஸ்தைரெட்டின் கட்டு அவிழாமல் பிடித்துவைக்கிறது. 441 பேரிடம் 30 மாதம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில் மருந்து எடுத்தவர்களில் 29.5 சதவீதமும், எடுக்காதவர்களில் 42.9 சதவீதமும் இறந்தார்கள். அகோராமிடிஸும் அதே வழியில் வேலை செய்கிறது. வுட்ரிசிரான், கல்லீரல் அந்தப் புரதத்தைச் செய்வதையே குறைக்கும் ஊசி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இவை ஏற்கெனவே படிந்ததைக் கரைப்பதில்லை, மேலும் படிவதைக் குறைக்கின்றன. சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும் என்று வற்புறுத்துவது அதனால்தான். ஏஎல் என்றால் டாராடுமுமாப் சேர்ந்த கீமோ. அதை ரத்தவியல் மருத்துவர் முடிவு செய்வார்.

வால்வை மாற்றி எட்டு மாதமாகிவிட்டது. கால் வீக்கம் திரும்ப வருகிறது. இப்போது சோதிக்கலாமா?

கண்டிப்பாக. புது வால்வு எக்கோவில் நன்றாகத் திறந்து மூடுகிறது, கசிவு இல்லை, ஆனாலும் இதயத்தின் சுமையைக் காட்டும் ரத்த அளவான என்டி-புரோபிஎன்பி குறையவில்லை, சுவர்த் தடிப்பு குறையவில்லை என்றால் இந்தக் கேள்வியை அப்போதாவது கேட்க வேண்டும். வால்வின் உலோகச் சட்டம் ஐசோடோப் ஸ்கேனுக்குத் தடையில்லை. பேஸ்மேக்கர் இருந்தாலும் எடுக்கலாம். முதல் நாளில் கப்பா-லாம்டா, இரண்டு இம்யூனோஃபிக்சேஷன். அதே வாரத்தில் பிஒய்பி ஸ்கேன். டாவிக்கு முன் எடுத்த எக்கோ, ஈசிஜி, சிடி எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு எடுத்துப் போங்கள். அன்று யாரும் அளக்காத எஸ் அலை அந்தப் பழைய எக்கோ குறுந்தட்டில் பதிவாகியிருக்கலாம்.